ஒரு வரி செங்கல்

மட்டம் பாக்குத கருவியில குமிழி நடுவுல நிக்க மாட்டேங்கு. நிக்கிற மாதிரி நிக்கி, நான் கண்ணாடியில கண்ண வச்சதும் ஒரு மயிரிழை நகந்துருது. முக்காலி மணல்ல எறங்குதா, என் மூச்சுதான் படுதா, ஒண்ணும் வெளங்கல. சனியன். மறுபடியும் திருகு. ரெண்டு பெருவிரலும் எதிரெதிரா, எடது உள்ள, வலது வெளிய. இத்தன வருஷமா செய்யிற வேலை, இன்னைக்கு படிய மாட்டேங்கு. எதுத்தாப்புல மாதா சிலை வச்ச கெபியோட படிக்கல்லு மேல அளவுகோல நிறுத்திப் பிடிச்சுக்கிட்டு வேலாயுதம் அண்ணாச்சி நிக்கார். கடல் ஒசரத்த அளக்குத எங்க ஆபீஸ்ல கோல் பிடிக்கிறதுக்கு அவர விட்டா ஆள் கிடையாது. "நேராப் பிடிங்கண்ணாச்சி"ங்கேன். "நேராத்தான் மேடம் பிடிச்சிருக்கேன், நீங்க காலையிலருந்து இதத்தான் சொல்லுதீங்க"ங்கார். அவர் மேல என்ன தப்பு. போன் அடிக்கி. தம்பி பெர்க்மான்ஸ். எடுக்காண்டாம்னு நெனைக்கேன், கை எடுத்துருது. "எக்கா, எப்ப வாற? மிக்ஸர் வந்துட்டு, ஜல்லி மணல் எல்லாம் ரெடி. வெயில் ஏறுனா கலவை இறுகிப்போகும்னு கொத்தனார் கத்துதாரு. மொத சட்டி நீதான போடணும்?" "இந்தா வந்துட்டேன்டா." இதோட எத்தன இந்தா வந்துட்டேன். இன்னைக்கு எந் தம்பி வீட்டுக்குத் தளம் போடுதாங்க. எங்க ஊர்ல தளம் போடையில கூடப்பொறந்தவ மொத சட்டிக் கலவைய மேல ஊத்தணும், அப்பத்தான் கொத்தனார் கரண்டியத் தொடுவார். கூடப்பொறந்தவ இங்க கல்லு முன்னால குமிழிய வெரட்டிக்கிட்டு நிக்கா.

இந்தக் கல்லுதான். சாதாரணக் கருங்கல் படி, கடலப் பாத்த கெபியோட கீழ்ப்படி, சனங்க மெழுகுதிரி ஏத்தி ஏத்தி ஒரு ஓரம் கறுத்துப் போன படி. அது நடுவுல ஒரு பித்தளைக் குமிழ் பதிச்சிருக்கு, அத யாரோ வெள்ளக்காரன் காலத்துல பதிச்சதா சொல்லுவாங்க. எங்க கடலோட ஒசரமெல்லாம் இந்தக் குமிழ நம்பித்தான் கெடக்கு. கடல நேரா அளக்க முடியாதுல்லா, அது நின்னாத்தான அளக்க. பெருக்கு, வத்தம், காத்து, அலை, ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. அதனால பாலத்துத் தூண்ல, படகு அணையிற சின்னப் பாலந்தான், அதுல ஒரு அளவுப் பலகைய அடிச்சு, அது எவ்வளவு ஒசரத்துல இருக்குன்னு இந்தக் கல்லுலருந்து எடுத்து வச்சிருக்கோம். பழைய பாலத்தப் புயல் கொண்டுபோச்சு, பலகையும் போச்சு, புதுப் பாலத்துல புதுப் பலகை அடிக்கையில நம்பி அளக்கதுக்கு மிஞ்சுனது இந்தக் கல்லு ஒண்ணுதான். கல்லு அசையாது, கடல் அசையும். கல்லு சரியா இருந்தா கடல் கணக்கு சரி. அவ்வளவுதான் சூத்திரம், சின்னப் பிள்ளைக்கும் புரியும். இப்ப கடலுக்குத் தள்ளி, மெயின் ரோட்டு வாய்க்கால் பாலத்துல உள்ள குறியிலருந்து ஒசரத்தக் கைமாத்திக் கைமாத்தி இந்தக் கல்லு வரைக்கும் கொண்டு வந்துட்டோம். சும்மா சரிபாக்கத்தான், சம்பிரதாயத்துக்கு. நேத்து சாயங்காலம் விடை வந்துச்சு. கல்லு இருக்க வேண்டிய ஒசரத்துக்கு மேல நாலு விரக்கடை ஒசந்து நிக்கி.

கல்லு வளருமா? கெணறு வெட்டப் பூதம் கெளம்புன கத. நான் ராத்திரி பூரா எனக்கு நானே சொன்னேன், அந்த வாய்க்கால் பாலம் எறங்கியிருக்கும். கல்லு ஏறல, பாலம் எறங்கியிருக்கு. லாரி போற போக்குக்கு எறங்காம என்ன செய்யும். வேலாயுதம் அண்ணாச்சியும் அதத்தான் சொன்னார், "உப்பு லாரி பூராவும் அது வழியாத்தான் மேடம் போகுது." எனக்கு அந்த வார்த்தை தேனா இனிச்சுது. மாதாவே, பாலம் எறங்கியிருக்கட்டும். ஒரு பாலம் எறங்கட்டும்னு யாராவது ஜெபம் பண்ணுவாங்களா, நான் பண்ணுனேன். ஆனா பள்ளிக்கூடத்துச் சுவர்ல இன்னொரு குறி இருக்கே. மொத நாளே அத எடுத்தோமே. அதுவும் பாலமும் ஒண்ணுக்கொண்ணு கொஞ்சங்கூட வித்தியாசமில்லாம ஒத்துப்போச்சே. ரெண்டும் சேந்து நாலு விரக்கடை எறங்குச்சா? ஒரே அளவா, பேசி வச்ச மாதிரி? எறங்காது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் காலையில வந்து மறுபடியும் முக்காலிய நட்டுருக்கேன், கல்லுக்கு வாற கடைசித் துண்ட மட்டும் இன்னொரு தடவ பாப்போம்னு. அளந்தா மாறிருமா? ஒருவேளை நான்தான் நேத்து ஒரு எண்ண மாத்திப் படிச்சிருப்பேன். கண்ணு மங்குற வயசுதான. யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கட்டுமே. என் வாழ்க்கையில மொத மொறையா நான் தப்புப் பண்ணியிருக்கணும்னு ஆசப்படுதேன்.

மிக்ஸர் ஒரு தடவ சுத்தி நின்னுச்சு. சோதிச்சுப் பாக்காங்க போல. அந்த வீடு இங்கருந்தே தெரியுது, கெபிக்கும் கெணத்துக்கும் அங்கிட்டு, செவப்புச் செங்கல் சுவரு, மேல பலகை அடிச்சு கம்பி கட்டி, வெயில்ல கம்பி மினுங்குது. தம்பிக்கு மாமா கொடுத்த மனை மேட்டுக் காலனியில இருந்துச்சு. ரோட்டுக்கு அங்கிட்டு, உடமரக் காட்டுக்குள்ள, கடல் கண்ணுக்குத் தெரியாது, நாத்தமும் வராது. அங்க கட்டவா இங்க கட்டவான்னு அவன் என்கிட்டத்தான் கேட்டான். யாருகிட்ட கேப்பான்? ஊர்லயே கடல அளக்குதவ அவனோட அக்கா. நான் என் படத்தக் காட்டுனேன். அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில லேப்டாப்ப வச்சு, வருஷ வருஷமாக் கடல் நின்ன ஒசரம், கோடு ஏறும், கொஞ்சம் எறங்கும், மறுபடி ஏறும், மொத்தத்துல தட்டையாக் கெடக்கும். "பாத்தியாடா, மத்த கடல்லாம் ஏறுது. நம்ம கடல் நல்ல பிள்ளை." ஆபீஸ்லயும் அந்தப் பேருதான், எம் பேரையும் சேத்து, டெல்பினோட நல்ல பிள்ளை. கூட்டத்துக்குக் கூட்டம் அந்தக் கோட்டப் பத்தித்தான் என்னப் பேசச் சொல்லுவாங்க. பெர்க்மான்ஸ் அந்தக் கோட்ட வெரலால தடவிப் பாத்தான், மீனத் தடவிப் பாக்குத மாதிரி. மறு மாசமே காலனி மனைய வித்துட்டான். படகுல இருந்த பங்கையும் வித்துட்டான். எல்லாம் அந்தக் கம்பிக்குள்ள கெடக்கு.

நாலு விரக்கடை. கைய நீட்டி வெரல ஒட்டி வச்சுப் பாக்கேன். இம்புட்டுத்தான். சோத்துல தண்ணி ஊத்துத அளவு. ஆனா எங்க ஊரு தரை தட்டு மாதிரில்லா. கடல் நாலு விரக்கடை நிமிந்தா உள்ள வாரது நாலு விரக்கடை கெடையாது, வலைக்கூடம் தாண்டி, கெபி தாண்டி, கெணத்தடிக்கு வந்துரும். கெணறு. அத நெனைக்காதட்டி. அம்மா போன வருஷத்துலருந்து சொல்லுதா, தண்ணி கரிக்கி, பருப்பு வேக மாட்டேங்குன்னு. உப்பளத்துக்காரன் போர்வெல் போட்டதுதான் காரணம்னு நான் சொன்னேன். காரணம் சொல்லுததுக்கு நமக்கென்ன பஞ்சம். புதுப் பலகை அடிச்ச வருஷம் கோடு தடால்னு எறங்குச்சே, அதுக்கும் ஒரு காரணம் சொன்னேன். காத்து தெசை மாறியிருக்கும், தண்ணி தெக்க ஒதுங்கியிருக்கும்னு. எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. காத்து வந்து சாட்சியா சொல்லப்போகுது? அப்பவே ஒரு முள்ளு குத்துச்சு. கெபியப் புயலுக்கப்புறம் சீர்படுத்துனாங்களே, கல்ல யாரும் அசைச்சாங்களான்னு. கேக்காம விடல, கேட்டேன். ஊர்ல கேட்டேன், கோயில் வேலை பாக்குத குட்டியாரக் கேட்டேன். "அதே எடத்துலதாம்மா இருக்கு, ஒரு இம்மி மாறல"ன்னாங்க. சத்தியமாச் சொன்னாங்க. பித்தளைக் குமிழ் கடலப் பாத்து, பழைய போட்டோவுல இருக்க மாதிரியே, அதே ஓரம் கறுத்து, அதே எடத்துல. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

படிச்சுட்டேன். நேத்து வந்த அதே எண்ணு. அண்ணாச்சி, கோல எடுத்துட்டு மறுபடி வைங்க. வச்சார். அதே எண்ணு. மூணாந் தடவையும் அதே எண்ணு, சனியன் மாறவே மாட்டேங்கு. கடல் எம் முதுகுக்குப் பின்னால அலையடிக்கி, மெதுவா, ஒண்ணும் தெரியாத மாதிரி. சொல்லாம இருந்தா என்ன? கடைசித் துண்டுல ஒரு எண்ண அப்படி மாத்தி எழுதுனா கல்லு பழைய ஒசரத்துல வந்து சமத்தா உக்காந்துக்கிடும். வேலாயுதம் அண்ணாச்சி கோலப் பிடிப்பார், எண்ணப் படிக்க மாட்டார். அடுத்து எவன் எந்தக் காலத்துல ரோட்டுலருந்து அளந்துட்டு வரப்போறான். நான் போய் மொத சட்டிய ஊத்துவேன், பிரியாணி தின்பேன், தம்பி பொண்டாட்டி ஜெசிந்தா ஒரு சேல எடுத்து வச்சிருக்காளாம் எனக்கு, மயில் கழுத்துக் கலரு. பூனை கண்ண மூடுனா உலகம் இருண்டுருமாட்டி. இருளட்டுமே, ஒரு நாளைக்கு. கடல் என்ன நாளைக்கேவா வரப்போகுது? மெதுவாத்தான வரும். மெதுவாத்தான் வரும், அதுதான் பயமே. சடார்னு வந்தா ஓடிறலாம். இது கெணத்துல வரும், அப்புறம் சுவரு அடியில உப்புப் பூக்கும், அப்புறம் பௌர்ணமிக்கு வீட்டு முத்தத்துல நிக்கும், அப்புறம் அமாவாசைக்கும் நிக்கும். அவன் ஒவ்வொண்ணுக்கும் என்னையப் பாப்பான். ஏன்னு கேக்க மாட்டான். பாப்பான், அவ்வளவுதான். சேசு மரி சூசையே, நான் என்ன செய்வேன்.

"ஏட்டி டெல்பின்." அம்மா. முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு மணல்ல கால் புதையப் புதைய வாரா. "எல்லாரும் அங்க காத்துக் கெடக்கோம், நீ இங்க கல்ல மொறைச்சுக்கிட்டு நிக்க. கொத்தனாரு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டாரு." "வாரேம்மா." "மொகம் ஏன்ட்டி இப்பிடி இருக்கு, சாப்பிட்டியா?" அவ குனிஞ்சு படியில மணலத் தட்டி விட்டா, நெத்தியில சிலுவ போட்டா, பித்தளைக் குமிழ முந்தானை நுனியால தொடச்சா. அவ தொடைக்கிற விதத்தப் பாத்து எனக்கு என்னமோ செஞ்சுது, ஒரு பிள்ளை மூக்கத் தொடைக்கிற மாதிரி. "இதுக்காக ஒங்கப்பா போட்ட சண்ட கொஞ்ச நஞ்சமா"ங்கா. "என்ன சண்ட?" "புயலுக்கப்புறம் கெபியப் பிரிச்சுக் கட்டுனோம்லா. நீ அப்ப விசாகப்பட்டணத்துல இருந்த. மேசன் கடப்பாரையப் போட்டு நெம்பப் போனான். ஒங்கப்பா விடலயே. எம் மவ படிப்புக்குள்ள கல்லுடா இது, ஒரு கீறல் விழக்கூடாதுன்னு அவரே நாலு பேரச் சேத்து கயித்தக் கட்டித் தூக்கி, பாயில படுக்க வச்சு, மூணு நாளு பக்கத்துலயே கெடந்தாரு. அப்புறம் நூலு பிடிச்சு அதே எடத்துல, அதே தெசைக்கு வச்சாரு. இம்மி பெசகல." நான் கேட்டேன். "அதே எடம் சரிம்மா. ஒசரம்?" அம்மா என்னையப் பாத்தா, லூசான்னு பாக்குத மாதிரி. "ஒசரம் எப்பிடிட்டி அதே மாதிரி வைப்பாங்க? புயல்ல தண்ணி வந்து மாதா காலு நனைஞ்சு போச்சுல்லா. ஊரே அழுதுச்சு. அதான் அடியில ஒரு வரி செங்கல் சேத்து ஒசத்திக் கட்டுனோம். மாதா காலு நனையலாமா?"

மாதா காலு நனையலாமா. நனையக் கூடாதும்மா. ஒரு வரி செங்கல். சாந்தோட சேத்தா நாலு விரக்கடை, சொல்லி வச்ச மாதிரி நாலு விரக்கடை. சனங்க கிட்ட நான் எடம் மாறுச்சான்னுதான் கேட்டேன், ஒசரம் மாறுச்சான்னு கேக்கல, அவங்களும் எடத்தத்தான் சொன்னாங்க. யாரு மேல கோவப்பட? எங்கப்பா கல்லறையில கெடக்கார், எனக்காகக் கல்லுக்குக் காவல் இருந்த மனுஷன். கோவம் வருது, அழுகையா வருது. தலைக்குள்ள அந்தக் கோடு அதுவா ஒடையுது. புதுப் பலகை அடிச்ச வருஷம் தடால்னு எறங்குனது கடல் எறங்குனது கெடையாது, நாங்க பலகைய ஏத்தி அடிச்சிருக்கோம். ஒசந்த கல்லப் பாத்து ஒசந்த பலகை. அந்த ஒடைஞ்ச துண்டத் தூக்கி இருக்க வேண்டிய எடத்துல வச்சா, கோடு தட்டையா இல்லவே இல்ல. ஏறுது. நான் பொறந்ததுலருந்து ஏறுது, நிக்கவே இல்ல, மத்த கடல் மாதிரியேதான் ஏறுது. என் நல்ல பிள்ளை. என் ஆயுசுல அது ஏறுன ஏத்தம் பூராவும் இந்த ஒரு வரி செங்கலுக்கு அடியில ஒளிஞ்சு கெடந்துருக்கு. மாதா காலு நனையல, சரி. நனைய வேண்டிய காலெல்லாம் அங்க கம்பிக்குக் கீழ நிக்கி. "ஏன்ட்டி அழுத?"ங்கா அம்மா. "வெயிலும்மா, கண்ணாடியிலயே பாத்துக்கிட்டு இருந்தேன்லா." வேலாயுதம் அண்ணாச்சி கோலச் சாச்சு வச்சுட்டு கடலப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டார். எல்லாம் கேட்டிருப்பார்.

நடக்கேன். அம்மா முன்னால போறா, நான் பின்னால. சொல்லணும். சொல்லாட்டா அவன் தளம் போட்டுருவான், தளம் போட்டா முடிஞ்சுது, செங்கலப் பிரிக்கலாம், கம்பியக் கழட்டலாம், தளத்த என்ன செய்ய. சொன்னா? சொன்னா எங்க போவான்? மனை போச்சு, படகு போச்சு. போச்சுன்னு தெரிஞ்சே சொல்லணுமா? டாக்டருங்க எப்பிடிச் சொல்லுதாங்களோ. அவங்க வெளிய வந்து வேற யாரோ ஒரு சொந்தக்காரன்கிட்ட சொல்லிட்டுப் போயிருதாங்க. நான் யாருகிட்டச் சொல்ல, நானேல்லா சொந்தக்காரி. அங்க வாசல்ல ஆளுங்க சாக்கு போட்டு உக்காந்திருக்காங்க. பிரியாணி அண்டாவ எறக்குதாங்க, அந்த வாசனை மணலோட சேந்து வருது. என்னையக் கண்டதும் மிக்ஸர ஓட விட்டுட்டாங்க. கடகடன்னு ஒரே சத்தம். ஜெசிந்தா சிரிக்கா, "வாங்க மதினி, நீங்க இல்லாம ஒண்ணும் ஓடாது"ங்கா. பெர்க்மான்ஸ் கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு சட்டியில கலவைய வாங்கி என் கையில வைக்கான். பாரம். குளுகுளுன்னு இருக்கு. சிமெண்டு நாத்தம் மூக்குல ஏறுது. "ஏறுக்கா, ஏணி ஆடாது, நான் பிடிச்சுக்கிடுதேன்."

நான் ஏணியில கால வைக்கல. "அத நிப்பாட்டச் சொல்லுடா." "என்னது?" "மிக்ஸர நிப்பாட்டச் சொல்லு." நின்னுச்சு. அப்புறம் அலைச் சத்தம் மட்டும் கேட்டுச்சு, அவ்வளவு பக்கத்துல. "தம்பி, நான் சொன்னது தப்பு. கடல் ஏறுது. அந்தக் கெபிய ஒசத்திக் கட்டுனதுல எங்க கணக்கு பூரா மாறிப் போச்சு, எனக்கு இப்பத்தான் தெரியும், இப்பத்தான். இங்க வேண்டாம்டா. ஊத்தாத." ஒரே மூச்சுல சொல்லிட்டேன். கொத்தனார் கரண்டிய வச்சுட்டுப் பீடிய எடுத்தார். அம்மா, நான் என்ன சொல்லுதேன்னு வெளங்காம என் வாயையே பாக்கா. ஜெசிந்தாவுக்கு வெளங்கிட்டு, அவ சிரிப்பு அப்பிடியே நின்னுபோச்சு. பெர்க்மான்ஸ் கடலப் பாத்தான். மேல கம்பியப் பாத்தான். "நாங்க எங்கக்கா போவ?"ன்னான். சண்ட போடுத மாதிரி கேக்கல. நெசமாவே, வழி கேக்குத மாதிரி கேட்டான். இம்புட்டுத் தூரம் மணல்ல நடந்து வந்தேனே, இதுக்கு ஒரு பதில யோசிச்சிருக்கக் கூடாதா. கையில சட்டி கனக்கி. அவன் என் கையிலருந்து சட்டிய வாங்குனான், மெதுவா, நான் விழுந்துருவேனோங்கிற மாதிரி.

"அக்கா, நீ இன்னும் வரல"ன்னான்.

"டேய், நான் சொல்லுததக் கேளு."

"நீ இன்னும் கெபிகிட்ட அளந்துக்கிட்டுத்தான் இருக்க. வருவ, வருவன்னு பாத்தோம், கொத்தனாருக்கு நேரமாச்சு, நாங்க ஆரம்பிச்சுட்டோம். நீ வரவும் இல்ல, நாங்க எதையும் கேக்கவும் இல்ல." சட்டிய ஜெசிந்தா பக்கம் நீட்டுனான். "நீ போடு." அவ என்னையப் பாத்தா, அவனப் பாத்தா, வாங்கிக்கிட்டு ஏணியில ஏறுனா, புதுச்சேலக் கொசுவத்த ஒரு கையால பிடிச்சுக்கிட்டு. "கையக் கழுவுக்கா, சிமெண்டு காஞ்சா புண்ணாக்கிரும்"ன்னுட்டு அவன் ஏணியப் பிடிக்கப் போயிட்டான். அம்மா கெணத்துல மொண்டு என் கையில ஊத்துனா. நான் மொகத்தையும் கழுவுனேன். ஒதட்டுல பட்ட தண்ணி கரிச்சுது. மேல ஜெசிந்தா சட்டியக் கவுக்குத சத்தம் கேட்டுச்சு, யாரோ கை தட்டுனாங்க, மிக்ஸர் மறுபடியும் சுத்த ஆரம்பிச்சுது. நான் கெணத்தடியிலயே நிக்கேன். நான் இன்னும் வரல.